சும்மா விட்ட பாத்தி

இல்ல மேடம், மன்னிக்கணும், அதை அப்படியே விட்டுட்டுப் போக என்னால முடியாது. கறுப்பா இருக்கு, நாத்தம் அடிக்குது, அதனால கெட்ட சேறுன்னு சொல்லிட்டீங்க. நீங்க மட்டும் இல்ல, படிச்சவங்க, படிக்காதவங்க, மந்திரிங்க, மாடு மேய்க்கிறவங்க, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மனித குலம் சேத்துக்கு இழைத்த அநீதிகள்ல இதுக்குத்தான் முதல் இடம். அந்தக் கறுப்பு, இரும்பும் கந்தகமும் ஒண்ணு சேர்றதால வர்றது. அந்த முட்டை நாத்தம், காத்துப் புகாத இடத்துல குடியிருக்கிற நுண்ணுயிருங்க மூச்சு விடறதால வர்றது. கரையில ஒரு மனுஷன்கூட இல்லாத காலத்துலயும் சேறு இப்படித்தான் கறுத்திருக்கும், இப்படித்தான் நாறியிருக்கும். நிஜமான விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பார்க்க லட்சணமா, வழவழன்னு உக்காந்திருக்கும். சில மனுஷங்க மாதிரின்னு சொல்ல வாய் வருது, ஆனா அது மலிவான உவமை. வேண்டாம்.

உக்காருங்க. அதுல வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. என் நாற்காலியா? ஆமா, அலமாரியைப் பார்த்துத்தான் போட்டிருக்கேன். ஒரு எட்டு நாளா. வாசப்பக்கம் திரும்பினா கண்ணு கூசுது.

ஒரே ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷ வேலைன்னு சொல்லித்தானே துறை ஆபீஸ்லருந்து உங்களை இவ்வளவு தூரம் அனுப்பிச்சாங்க? தெரியும். போடறேன், போடாம எங்க போகப் போறேன்? டிரைவர் நிக்கட்டும், நிழல்லதான நிக்கிறாரு. டீ போடறேன். சர்க்கரை? பயப்படாதீங்க, இந்த டம்ளர்ல சேறு வெச்சதே இல்ல. சேத்துக்குக் கண்ணாடி பாட்டில், மனுஷங்களுக்கு ஸ்டீல் டம்ளர். ரெண்டும் ஒரே தொட்டியில கழுவக் கூடாது. இதெல்லாம் என் கையேட்டுல இருக்கு. ஆமா, கையேடு நான் எழுதினதுதான். நாப்பத்திரெண்டு விதி. வாசிச்சவங்க மொத்தம் ரெண்டு பேர். ஒண்ணு நான், இன்னொண்ணு தட்டச்சு பண்ணினவங்க.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். அந்த ஃப்ரிட்ஜ் தெரியுதா? மேல ஒட்டியிருக்கே, உணவுப் பொருள் வைக்கக் கூடாதுன்னு. அது ஒன்பதாம் விதி. பெரியவரோட பொறந்த நாளுக்கு வாங்கின கேக்கை அதுல கொண்டுவந்து வெச்சாங்க. பெரியவர்னா இந்த நிலையத்துக்கே இயக்குநர். நான் அந்தக் கேக்கை எடுத்து வெயில்ல வெச்சேன். உருகிப் போச்சு. கூப்பிட்டு விட்டாரு. விதின்னு சொன்னேன். அவரு சரி போங்கன்னாரு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு விதியக்கூட மீறினது கிடையாது மேடம். பெருமைக்குச் சொல்லல. சொல்ல வேற ஒண்ணும் இல்ல, அதனால சொல்றேன். இங்க என்னை எல்லாரும் என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? வாளி சார். முகத்துக்கு நேரா சார், முதுகுக்குப் பின்னால வாளி. வாளி கழுவுற விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு. ஒரு வாளியில ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் மறுநாள் அளவு தப்பாயிடும். அவங்களுக்குச் சிரிப்பு.

இந்தாங்க. சூடு, பார்த்து. நீங்க குடிங்க, நான் படிவத்தை நிரப்பிக்கிட்டே பேசறேன். பேர், எழுதியாச்சு. பதவி, ஆய்வக உதவியாளர், முதல் நிலை. முதல் நிலைன்னா பெருசா ஒண்ணுமில்ல, இரண்டாம் நிலைன்னு ஒருத்தரும் இல்ல.

மூணாவது வரி. இதை வாய் விட்டுப் படிக்கலாமா? நான்காம் பாத்தியில் ஆய்வுக் காலம் முழுவதும் எப்பொருளும் சேர்க்கப்படவில்லை என உறுதியளிக்கிறேன். நல்ல வரி. பிழை எதுவும் இல்ல. இந்த ஆராய்ச்சியை நடத்துற டாக்டரம்மா போட்டிருக்காங்க, பெரியவர் போட்டிருக்காரு, புள்ளிவிவரக்காரர் போட்டிருக்காரு. அவரு அந்தப் பாத்தியை நேர்ல பார்த்ததே இல்ல, கம்ப்யூட்டர்லதான் பார்த்திருக்காரு, ஆனா கையெழுத்து மட்டும் ரொம்ப அழகு. பாக்கி நான் ஒருத்தன். தினமும் பாத்தியோட பாத்தியா கிடந்தவன் நான்தானே, அதனால என் கையெழுத்து இல்லாம ரிப்போர்ட் நகராதாம். முப்பத்தொரு வருஷத்துல எனக்காக ஒரு விஷயம் காத்துக்கிட்டு நிக்கிறது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அனுபவிச்சுக்கறேனே.

நீங்க பாத்தியெல்லாம் பார்த்தீங்களா? வரும்போது மேல இருந்து பார்த்திருப்பீங்க. நாலு சதுரம். சுத்திலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை. கடல் தண்ணி ஏறும், இறங்கும், சேறு மட்டும் அங்கேயே இருக்கும். முன்னாடி இங்க கப்பலுக்குப் பெயின்ட் சுரண்டுற பட்டறை ஒண்ணு இருந்துது. நாப்பது வருஷம் சுரண்டினாங்க. சுரண்டினது எங்க போகும்? பெயின்ட்ல இருந்த ஈயம், செம்பு எல்லாம் சேத்துக்குள்ள இறங்கிடுச்சு. கூடவே எண்ணெய். பட்டறையை மூடிட்டுப் போயிட்டாங்க, சேத்தை மூட முடியல.

அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. ரெண்டு மருந்து. ஒண்ணு பவுடர். கல்லு, களிமண்ணு, இரும்பு இதையெல்லாம் சுட்டு அரைச்ச மாவு. ஒவ்வொரு துகளும் தேன்கூடு மாதிரி துவாரம் துவாரமா இருக்கும். ஈயத்தையும் செம்பையும் பிடிச்சு வெச்சுக்கும், விடாது. இன்னொண்ணு நுண்ணுயிர். அது எண்ணெயைத் தின்னுடும். எங்க ஷெட்ல நீல டிரம் அஞ்சு நிக்குது பாருங்க, அதுக்குள்ளதான் வளர்த்தோம். கோடிக்கணக்குல. நான் அவங்களைப் பசங்கன்னுதான் சொல்வேன். பேரெல்லாம் உண்டு, வாயில நுழையாது. பவுடரோட துவாரம் பசங்களுக்கு வீடு. உள்ள போய் உக்காந்துக்கிட்டு, வர்ற போற எண்ணெயைச் சாப்பிட்டுக்கிட்டு, ரிட்டயர் ஆன ஆளு மாதிரி நிம்மதியா இருப்பாங்க.

முதல் பாத்திக்குப் பவுடர் மட்டும். ரெண்டாவதுக்குப் பசங்க மட்டும். மூணாவதுக்கு வீட்டோட பசங்க. நாலாவதுக்கு ஒண்ணும் கிடையாது. சும்மா விட்ட பாத்தி. மத்ததோட ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, ஒண்ணும் செய்யாததுன்னு ஒண்ணு வேணுமில்லையா? அது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மாசா மாசம் மூட்டை தூக்கிட்டுப் போக வேண்டிய மூணு பாத்தியும் அந்தக் கோடியில இருக்கு. ஒண்ணுமே தூக்க வேண்டாத பாத்தி, ஷெட் பின்படிக்கு நேர் கீழ இருக்கு. இது யார் திட்டம்னு கேக்காதீங்க. கேக் உருகினவர் திட்டம்.

முடிவு என்ன வந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமே. தெரிஞ்சாலும் நான் சொல்றேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். சேத்துல இருந்த எண்ணெயை நூறுன்னு வெச்சுக்கோங்க. பதினாலு மாசம் கழிச்சு முதல் பாத்தியில எண்பது மிச்சம். ரெண்டாவதுல எழுபது. மூணாவதுல நாப்பத்தஞ்சு. நல்ல முடிவு, கை தட்டலாம். நாலாவதுல பத்தொன்பது.

ஆமா மேடம். பத்தொன்பது. ஈயமும் அப்படியே பிடிபட்டுக் கிடக்கு, தண்ணிக்கு வர்றதே இல்ல. ஒண்ணுமே செய்யாத பாத்தி எல்லாத்தையும் ஜெயிச்சிடுச்சு.

அன்னைக்கு மீட்டிங்ல அந்த நம்பரை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம் பெரியவர் மெதுவா என் பக்கம் திரும்பி, பாட்டில் மேல லேபிள் மாத்தி ஒட்டிட்டீங்களான்னு கேட்டாரு. என்கிட்ட. மேடம், நான் என் வீட்டு உப்பு ஜாடிக்கு உப்புன்னு எழுதி, தேதி போட்டு ஒட்டி வெச்சிருக்கிறவன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்திரிச்சுப் போய் லேபிள் ரிஜிஸ்டர் மூணு வால்யூமையும் கொண்டுவந்து மேஜை மேல போட்டேன். தூசி கிளம்பி டாக்டரம்மா தும்மினாங்க. மறுபடி வேற லேப்ல பரிசோதனை. அதே பத்தொன்பது.

அதுக்கப்புறம் மூணு நாள் அறையைச் சாத்திக்கிட்டு யோசிச்சாங்க. படிச்சவங்களுக்கு ஒரு வசதி மேடம். புரியாத ஒண்ணு வந்துட்டா அதுக்கு ஒரு பேர் வெச்சுடுவாங்க. பேர் வெச்சதும் புரிஞ்ச மாதிரி ஆயிடும். இதுக்குத் தன்னிச்சையான மீட்சின்னு பேர் வெச்சாங்க. அதாவது சேறு தன்னைத் தானே குணப்படுத்திக்கும், நாமதான் பவுடரும் கிருமியும் போட்டு நடுவுல பூந்து கெடுக்கிறோம். டாக்டரம்மா அதைக் கட்டுரையா எழுதினாங்க. நாலு நாட்டுல போய்ப் பேசினாங்க. கேடயம் வாங்கிட்டு வந்தாங்க, பெருசு, அலமாரியில நிக்கல, படுக்க வெச்சிருக்கு. நல்ல மனுஷி. மேடையில என் பேரைச் சொல்லி நன்றி சொன்னாங்களாம். அந்தப் பாத்தியை அக்கறையோட தொடாம பார்த்துக்கிட்டதுக்கு.

அதுலருந்து இங்க ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. பார்வையாளருங்க. தொப்பி போட்டுக்கிட்டு வந்து பின்படியில நின்னு நாலாம் பாத்தியைப் பார்ப்பாங்க. ஒருத்தர் கையைக் கூப்பினாரு. ஒரு அம்மா அழுதாங்க. இயற்கையோட பெருமையை நினைச்சு அழறாங்களாம். மூணாம் பாத்தியை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. நாப்பத்தஞ்சு எடுத்த பாத்தி அது, பாவம். நம்ம வீட்டுலயும் ஒழுங்கா படிக்கிற பிள்ளைக்கு இதே கதிதான்.

அந்தப் போட்டோவா? ஆமா, ஆய்வு நடக்கும்போது எடுத்தது. வாசலுக்கு மேல மாட்டச் சொல்லி அனுப்பிச்சாங்க, கண்ணாடி எல்லாம் போட்டு. முன்னாடி தெரியறது நாலாம் பாத்தி. பின்னாடி படியில நிக்கிறது நான்தான். முகம் தெளிவா இல்ல. கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க. மனிதக் கை படாத பாத்தி. எழுத்து நல்லா இருக்கில்ல? சரி, டீ ஆறுது.

எங்க விட்டேன்? கையெழுத்து. இதோ. நான் இழுத்தடிக்கிறேன்னு நினைக்காதீங்க. இதுல எங்க குடும்ப விஷயம் ஒண்ணும் மாட்டிக்கிட்டிருக்கு, அதான்.

எனக்கு ஒரு அக்கா. வாய்க்கால் கடல்ல சேர்ற இடம் இருக்கே, வாய்க்கால் முகம், அதுக்கு அந்தப் பக்கம் வீடு. இங்க இருந்தே கூரை தெரியும். இருபது வருஷமா மட்டிச் சிப்பி பொறுக்கினவ. தண்ணி வத்தினதும் கூடையை எடுத்துக்கிட்டு வாய்க்கால் முகத்துல இறங்கிடுவா, குனிஞ்சா நிமிர மாட்டா. எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனா சேத்துல விரலை விட்டே எது மட்டி, எது கல்லுன்னு சொல்லுவா. மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க மட்டி எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சாங்க. சேத்துல ஈயம் இருக்கு, மட்டி அதைத் தின்னுது, மட்டியை நாம தின்னுறோம். நியாயமான போர்டு. அந்தப் போர்டுல வாசகம் எழுதிக் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். பெரியவர் எடுக்காதீர்னு எழுதியிருந்தாரு, நான் எடுக்கக் கூடாதுன்னு மாத்தினேன். கெஞ்சற தொனி வரக் கூடாது பாருங்க.

அக்கா ஒரு வருஷம் எங்க வீட்டுப் படியேறல. அப்புறம் வந்தா. வந்து உக்காந்து, தண்ணி குடிச்சுட்டு, டேய், உன் பூச்சிங்களுக்கு டிரம்முல மூணு வேளை சாப்பாடு போடற, உன் அக்காவுக்கு ஒரு கை மட்டி கிடையாதான்னு கேட்டா. பூச்சி இல்லக்கா, நுண்ணுயிர்னு சொன்னேன். அப்ப அவ என்னைப் பார்த்த பார்வையை நீங்க பார்த்திருக்கணும். அதுலருந்து பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. இப்ப மீன் ஷெட்ல பெட்டி அடுக்குற வேலைக்குப் போறா. அதெல்லாம் ஒரு வேலையாடா, நாள் பூரா நிமிர்ந்தே நிக்க வேண்டியிருக்குன்னு திட்டுவா.

அப்புறம் நாலாம் பாத்தி முடிவு வந்துது. சேறு தானே சரியாகுதுன்னா போர்டு எதுக்கு? போர்டை எடுத்துடலாம்னு பேச்சு. அன்னைக்கு அக்கா என் முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சா பாருங்க, சந்தோஷத்துல. தெரு பூரா போய், என் தம்பி சேத்தைச் சரி பண்ணிட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. எனக்குப் பொறுக்கல. அக்கா, நான் எதுவும் பண்ணல, எதுவும் பண்ணாததுதான் விஷயமேன்னு திருத்தினேன். அதுவும் ஒரு திறமைதான்டா, சின்ன வயசுலயே உனக்கு உண்டுன்னுட்டுப் போயிட்டா.

இப்ப இந்த ரிப்போர்ட் போச்சுன்னா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. ஆமா. வாய்க்கால் முகத்துல இருந்து பட்டறைச் சுவர் வரைக்கும் பவுடர் போடற திட்டம் ரத்து. எதுக்குப் போடணும், தானாதான் சரியாகுதே. திங்கட்கிழமையில இருந்து யாரு வேணும்னாலும் இறங்கலாம், எடுக்கலாம், திங்கலாம். அதிகாரிங்க அவசரக்காரங்க, போன வாரமே மூணு போர்டையும் பிடுங்கிப் படுக்க வெச்சுட்டாங்க. அதுல ஒண்ணை அக்கா தூக்கிட்டுப் போயிட்டா. கோழிக்கூண்டுக்குக் கதவா மாட்டியிருக்கா. நல்ல தகரம், துருப்பிடிக்காதாம். எழுத்துப் பக்கம் உள்ள. ஏன்க்கான்னு கேட்டா, கோழிங்க படிச்சுட்டுப் போகட்டும்ங்கிறா. கூடைக்குப் புதுசா பிடி கட்டியாச்சு. திங்கட்கிழமை காலைல தண்ணி நல்லா வத்துது, நாள்காட்டியில குறிச்சு வெச்சிருக்கா.

வாய்க்கால் முகத்துச் சேத்துல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னா? போன மாசம் நான் எடுத்த சாம்பிள் இருக்கு, அதோ மேல் தட்டுல, இடமிருந்து மூணாவது பாட்டில். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இல்ல, அதை ரிப்போர்ட்டுல சேர்க்கல. அது பாத்திக்கு வெளிய இருக்கு, ஆய்வு எல்லைக்குள்ள வராதுன்னு சொல்லிட்டாங்க. அதுவும் தன்னிச்சையா மீளும், அவகாசம் கொடுக்கணுமாம். அதுக்கு இதே பதினாலு மாச அவகாசம் கொடுத்தாச்சேன்னு கேட்டேன். புள்ளிவிவரக்காரர் சிரிச்சாரு. சார், நீங்க விஞ்ஞானி இல்லன்னாரு. அது உண்மை, நான் மறுக்கல.

முடிச்சுட்டீங்களா? இன்னும் கொஞ்சம்? வேண்டாமா, சரி. அட, டம்ளரை அங்கேயே வெச்சுடுங்க மேடம், நான் பார்த்துக்கறேன். இல்ல இல்ல, நீங்க கழுவ வேண்டாம், விருந்தாளி. சரி, அவ்வளவு பிடிவாதம்னா. அந்தத் தொட்டியில வேண்டாம், அது பாட்டிலுக்கு. பின்கதவைத் திறங்க. படி இருக்கு, கடைசிப் படியில ஒரு குழாய் இருக்கு, பக்கத்துல சாஞ்ச மாதிரி ஒரு பலகை. பலகை மேல வெச்சுக் கழுவினா தண்ணி தானா வழிஞ்சு போயிடும். நானும் அங்கதான் எல்லாத்தையும் கழுவறது. டம்ளர், தட்டு, வாளி எல்லாம்.

எங்க வழியுதா? கீழதான். ஆமா, அந்தச் சதுரத்துக்குள்ள.

ஆமா மேடம். அதுதான் நாலாம் பாத்தி.

நிக்காதீங்க, வந்து உக்காருங்க. இந்த நாற்காலியில, அது ஆடும்னு சொன்னேன்ல. டம்ளர் உருண்டா உருளட்டும், ஸ்டீல்தானே.

தினமும்தான். டிரம்முல பசங்க உயிரோட இருக்கணும்னா தினமும் பழைய கரைசல்ல ரெண்டு வாளி வெளிய எடுத்துட்டுப் புதுசா ஊத்தணும். மூணாம் பாத்திக்காக வீட்டோட வளர்க்கிற பசங்க, பவுடரும் சேர்ந்துதான் வரும். அந்த வாளியை எங்க கொட்டறது, எங்க கழுவறது? மருந்து போட்ட மூணு பாத்தியில கழுவக் கூடாது, அளவு கெட்டுடும். பதினேழாம் விதி. வாய்க்கால்ல விடக் கூடாது, பதினெட்டாம் விதி. ஷெட் சாக்கடைக்கு அனுமதி வாங்கல. மிச்சம் என்ன? எந்த மருந்து அளவும் இல்லாத ஒரே இடம். கெடறதுக்கு அங்க என்ன இருக்கு, சும்மா கிடக்கிற பாத்திதானேன்னு நினைச்சேன். நினைச்சதுகூட இல்ல. நினைச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். பதினாலு மாசம், லீவு நாள் உட்பட, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு வாளி. சுத்தமா கழுவுவேன், ஒரு துகள் விடாம.

மத்த பாத்திக்கு மாசத்துக்கு ஒரு தடவை மூட்டை மூட்டையா கொட்டினோம். பாதிப் பசங்க பசியில செத்துப் போயிருப்பாங்க. இதுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா, சூட்டோட சூடா, புது ஆளு வீட்டோட வந்து இறங்கியிருக்காங்க. துகள் கனமானது, தண்ணி வந்து போனாலும் அடியில உக்காந்துடும். பத்தொன்பது வராம என்ன வரும்?

எப்ப தெரிஞ்சுதுன்னா, போட்டோ மாட்டும்போது. எட்டு நாளாச்சு. கீழ எழுதியிருக்கிறதுல ஏதாவது பிழை இருக்கான்னு பார்க்கத்தான் கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டூல் மேல ஏறினேன். பழக்கம். மனிதக் கை படாத பாத்தி. பிழை இல்ல. அப்புறம் மேல பார்த்தேன். போய்ப் பாருங்க, படியில நிக்கிறேனே, என் கையில என்ன இருக்குன்னு. ரெண்டு கையிலயும். ஒண்ணு சாஞ்சிருக்கு, தண்ணி விழறதுகூடத் தெரியும். நாலு நாட்டுல பெரிய திரையில இதைப் போட்டுக் காட்டியிருக்காங்க, ஒருத்தரும் பார்க்கல. எல்லாரும் இயற்கையைப் பார்த்துக்கிட்டிருந்திருக்காங்க.

டாக்டரம்மாவுக்கா? இன்னும் இல்ல. மூணு தடவை அவங்க அறை வாசல் வரைக்கும் போனேன். கேடயம் படுத்திருக்கிறது தெரிஞ்சுது, திரும்பிட்டேன். நீங்க போனதும் போறேன்.

கையெழுத்துப் போட்டுட்டேனே மேடம். நீங்க டீ குடிச்சுக்கிட்டிருக்கும்போதே. இந்தாங்க. மூணாவது வரியை அடிச்சிருக்கேன், அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்தும் தேதியும் இருக்கு, அதுதான் முறை. பின்பக்கம் திருப்புங்க. வேறு தகவல்கள் இருப்பின்னு ஒரு கட்டம் இருக்கா? முப்பத்தொரு வருஷமா அந்தக் கட்டத்துல எல்லாரும் இல்லைன்னுதான் எழுதுவாங்க, இல்ல கோடு போடுவாங்க. நான் கட்டம் பத்தாம ஓரத்துலயும் எழுதியிருக்கேன். எழுத்துப் பொடியா இருக்கும், மன்னிக்கணும். கழுவின தேதி, நேரம், வாளி எண்ணிக்கை. அதுக்கும் ரிஜிஸ்டர் இருக்கு, மூணு வால்யூம். வேணும்னா டிரைவரைக் கூப்பிடுங்க, தூக்கிட்டுப் போகலாம்.

அக்காவுக்குத் தெரியும். இன்னைக்குக் காலைல போய்ச் சொன்னேன். கூண்டைத் திறந்து கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள தீனித் தட்டைக் கீழ வெச்சுட்டா. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டா. அப்ப வாய்க்கால் முகம் பூரா சரியாக எத்தனை நாள் வாளி கழுவணும்னு. மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்து, டிரம் இருபது வெச்சா நாலு வருஷம் மூணு மாசம்னு சொன்னேன். கூடையை எடுத்து உள்ள வெச்சா. அப்புறம் கூண்டுக் கதவைக் கழட்டினா. தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா, நான் பின்னாடியே போனேன், திரும்பிக்கூடப் பார்க்கல.

இங்க இருந்தே தெரியும் பாருங்க, வாய்க்கால் முகத்துல, அந்த வளைவுக்குப் பக்கத்துல. ஆழமா தோண்டி, கல்லு போட்டு இறுக்கி, போர்டை நட்டுட்டுப் போயிருக்கா. தலைகீழா.